விரதம் யாருக்காக?

சாத்தாங்காட்டிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய கணவருக்கு அங்குள்ள இரும்பு மார்க்கெட்டில் கணக்கு எழுதும் வேலை. பக்கத்து வீட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம். எதிர் வீட்டில் கத்தோலிக்கர்கள். 2025-ஆம் ஆண்டில் பிப்ரவரி 26-ந் தேதி இவர் வீட்டில் சிவராத்திரி உபவாசம். மார்ச் 2-ந் தேதி பக்கத்து வீட்டில் ரமலான் நோன்பு தொடங்கிற்று. 5-ந் தேதி எதிர் வீட்டார் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு கோயிலிலிருந்து வந்தார்கள். அவர்களுக்கு அன்று ஒருசந்தி. 14-ந் தேதி மறுபடியும் இவருக்கே காரடையான் நோன்பு. இத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்த பத்து வயதுப் பெண் கேட்டாளாம்: "ஏம்மா, நாம சாப்பிடாம இருந்தாத்தான் எல்லாச் சாமிக்கும் பிடிக்குமா?"

பதில் சொல்லத் தெரியவில்லை என்று சகோதரி எழுதுகிறார். கடிதத்தின் கடைசியில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அவருக்குச் சர்க்கரை வியாதி கண்டிருக்கிறது; மாத்திரை சாப்பிடுகிறார். சஷ்டி விரதத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் விடக்கூடாது என்பது மாமியாரின் உத்தரவு. மகளின் கேள்விக்காகத்தான் கடிதம் எழுதியதாக அவர் நினைக்கிறார். எனக்கென்னவோ கடைசி வரிக்காகவே எழுதியிருக்கிறார் என்று தோன்றுகிறது. முதலில் குழந்தையின் கேள்வியைப் பார்ப்போம். அதிலிருந்து தாயின் கேள்விக்கும் வழி பிறக்கும்.

'உபவாசம்' என்ற சொல்லுக்குப் பட்டினி என்று பொருளே இல்லை, சகோதரிகளே! 'அருகில் வசிப்பது' என்பதுதான் பொருள். ஒரு நாள் அடுப்பங்கரையை விட்டுவிட்டு ஆண்டவன் அருகில் இருப்பது. திருவொற்றியூர் தியாகராஜசுவாமி கோயிலில் சிவராத்திரி இரவு நான்கு ஜாமமும் கண் விழித்து உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் இந்தச் சொல்லின் அர்த்தம் விளங்கும். சமையல் இல்லை, பாத்திரம் தேய்ப்பது இல்லை. அன்றாடம் மூன்று வேளை சமைக்கிற பெண்ணுக்கு இதைவிட வேறு என்ன விடுதலை வேண்டும்? ஆனால் நடைமுறையில் என்ன ஆயிற்று? ஏகாதசி என்றால் அரிசிச் சாதம் கூடாது என்று ஆரம்பித்தது, அதற்குப் பதில் 'பலகாரம்' என்று கோதுமை உப்புமா, அடை, சேவை என வளர்ந்து, மற்ற நாளைக்காட்டிலும் அன்றைக்கு இரட்டிப்பு வேலை என்று ஆகிவிட்டது. விரதம் வீட்டுக்காரருக்கு, வேலை வீட்டுக்காரிக்கு!

'நோன்பு' என்பது இன்னும் பழைய தமிழ்ச் சொல். பொறுத்துக்கொள்வது, தாங்கிக்கொள்வது என்று பொருள்படும் வினையிலிருந்து வந்தது. ஆண்டாள் பாடிய திருப்பாவை முழுவதும் பாவை நோன்புதான். அதில் ஆயர்குலப் பெண்கள் நெய்யையும் பாலையும் விட்டுவிடுகிறார்கள். பால் வியாபாரம் செய்கிற குடும்பத்தார் பாலை விடுவது எவ்வளவு பெரிய காரியம்! கையில் ஏராளமாக இருப்பதைத் தானாக விடுவதுதான் நோன்பு. இல்லாததை விடுவதற்குப் பெயர் வறுமை. அத்துடன், இயன்ற மட்டும் தானதருமம் செய்வதும் அந்த நோன்பில் ஓர் அங்கமாக வருகிறது. ரமலானில் முஸ்லிம் சகோதரிகள் இருப்பதற்கும் தமிழில் அதே பெயர்தான். அரபு மொழியில் 'ஸவ்ம்' என்பார்கள். நம் ஊர் முஸ்லிம்கள் வீட்டில் 'நோன்பு' என்றே வழங்குகிறது. சாத்தாங்காட்டுச் சிறுமி இதைத் தெரிந்துகொண்டால் பக்கத்து வீட்டுக்கும் தன் வீட்டுக்கும் நடுவிலுள்ள சுவர் கொஞ்சம் தாழ்ந்துவிடும்.

இஸ்லாத்தில் நோன்பின் நோக்கத்தைக் குர்ஆன் நேரடியாகவே சொல்லிவிடுகிறது: இறையச்சம் உண்டாவதற்காக, உங்களுக்கு முன் இருந்தவர்களுக்கு விதிக்கப்பட்டதைப் போலவே உங்களுக்கும் விதிக்கப்பட்டது என்று. வைகறை வெளுப்பதற்கு முன் ஸஹர் சாப்பாடு. பிறகு சூரியன் மறையும் வரை ஒரு மிடறு தண்ணீர் கூடக் கிடையாது. அறையில் தனியாக இருக்கும்போது ஒரு வாய் தண்ணீர் குடித்தால் யாருக்குத் தெரியப்போகிறது? அப்படியும் குடிப்பதில்லை. யாரும் பார்க்காத இடத்திலும் ஒருவன் பார்க்கிறான் என்ற பயிற்சி அது. இஸ்லாமிய மாதங்கள் சந்திரனைக் கொண்டு கணக்கிடப்படுவதால் ரமலான் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னே நகர்ந்துகொண்டே வரும். சில ஆண்டுகள் மார்கழிக் குளிரில் வரும். சில ஆண்டுகள் கத்தரி வெயிலில் வரும். இரும்புக் கம்பி ஏற்றி இறக்குகிற இடத்தில் கத்தரி வெயிலில் நாக்கு வறள நோன்பு இருப்பவரை நினைத்துப் பாருங்கள். பொய் பேசுவதை விடாதவன் பட்டினி கிடப்பதில் இறைவனுக்குத் தேவை ஒன்றுமில்லை என்று நபிகள் நாயகம் சொன்னதாக அவர்களுடைய ஹதீஸ் நூல் கூறுகிறது. இதை எல்லா மதத்தாரும் சுவரில் எழுதி மாட்டி வைக்கலாம்.

சாத்தாங்காட்டிலிருந்து கிழக்கே திருவொற்றியூருக்கு வந்து, அங்கிருந்து கடலை ஒட்டித் தெற்கே போனால் காசிமேடு. அதைத் தாண்டினால் இராயபுரம். துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பலுக்கும் கரைக்கும் இடையே அலைகளில் படகு ஓட்டியவர்கள் 1829-ல் எழுப்பிய புனித இராயப்பர் கோயில் அங்கே இருக்கிறது. இராயப்பர் என்பது ஏசுவின் சீடரான பேதுருவின் தமிழ்ப் பெயர். இங்குள்ள கத்தோலிக்கர்களின் தவக்காலச் சொற்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. உணவைக் குறைத்து ஒருவேளை சாப்பிடும் நாளுக்கு 'ஒருசந்தி'. மாமிசம் விலக்கும் நாளுக்குச் 'சுத்தபோசனம்'. இவற்றைக் கேட்கிற யாரும் ஏதோ அக்ரகாரத்துச் சொல் என்றே நினைப்பார்கள்! ஏசுநாதர் பாலைவனத்தில் 40 நாள் உபவாசம் இருந்ததன் நினைவாக இந்தக் காலம். அவர்களுக்குச் சுத்தபோசன நாளில் மாமிசந்தான் விலக்கு, மீன் இல்லை. நம் பக்கத்திலோ புரட்டாசி வந்தால் மீனையும் தொடுவதில்லை. காசிமேட்டில் அந்த மாதம் மீன் விலை இறங்கிவிடும். ஒருவருடைய விரதம் இன்னொருவருடைய பிழைப்பைத் தொடுகிறது என்பதையும் நாம் மறக்கக்கூடாது.

கிறிஸ்தவ வேதத்தில் நோன்பைப் பற்றிக் கடுமையான இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று பழைய ஏற்பாட்டில் ஏசாயா தீர்க்கதரிசி சொன்னது. பட்டினி கிடந்துகொண்டே வேலைக்காரர்களை வாட்டுகிறீர்களே, பசித்தவனுக்கு உங்கள் ரொட்டியைப் பகிர்ந்து கொடுப்பதல்லவா ஆண்டவன் விரும்பும் உபவாசம் என்று அவர் கேட்கிறார். மற்றொன்று ஏசுவின் மலைப் பிரசங்கத்தில் வருகிறது: உபவாசம் இருக்கும்போது முகத்தை வாட்டமாக வைத்துக்கொண்டு ஊருக்குக் காட்டாதீர்கள்; தலைக்கு எண்ணெய் தடவி முகம் கழுவிக்கொள்ளுங்கள் என்பது அதன் கருத்து. விரத நாளில் வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நம் வள்ளுவரும் இதே விஷயத்தில் கண்டிப்பானவர். உண்ணாமல் நோற்பவர் பெரியவர்தாம், ஆனால் பிறருடைய கடுஞ்சொல்லைப் பொறுப்பவருக்குப் பிறகுதான் என்று பொறையுடைமையில் வைக்கிறார். ஈகையில், பசியைத் தாங்குவதைவிடப் பிறர் பசியைத் தீர்ப்பது மேல் என்கிறார். இந்தக் கணக்குப்படி, கூட்டுக் குடும்பத்தில் வாயைத் திறக்காமல் இருந்து எல்லோருக்கும் பரிமாறுகிற மருமகள் தினந்தோறும் விரதம் இருக்கிறாள்!

அதே இராயபுரத்தில், மாதா கோயில் தெரு ஒன்றில், பார்சிகளின் அக்கினிக் கோயில் 1910-ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. சரதுஷ்டிரரைப் பின்பற்றுகிற அவர்கள் நோன்பே இருப்பதில்லை. இருப்பது தவறு என்பது அவர்களுடைய கொள்கை. சாப்பிடாதவனுக்கு நல்ல காரியம் செய்யவும், நிலத்தை உழவும், குழந்தைகளைப் பெறவும் ஏது தெம்பு என்று அவர்களுடைய வெந்திதாத் என்னும் பழைய நூல் வாதாடுகிறது. உடம்பு தீமையோடு போராடக் கடவுள் கொடுத்த ஆயுதம். அதைத் துருப்பிடிக்க விடக்கூடாது என்பது அவர்களின் எண்ணம். 'பஹ்மன்' என்னும் மாதத்திலும், மற்ற மாதங்களில் குறிப்பிட்ட நான்கு நாட்களிலும், வாயில்லாப் பிராணிகளுக்காக மாமிசத்தை மட்டும் விலக்குவார்கள், பட்டினி கிடையாது. சீக்கியர்களின் குரு நானக்கும் பட்டினி விரதங்களுக்கு மதிப்புக் கொடுக்கவில்லை. வந்தவர் எல்லோரையும் ஒரே வரிசையில் உட்கார்த்தி உணவளிக்கும் லங்கர்தான் அவர்களுடைய வழக்கம். ஆகவே சிறுமிக்கு முதல் பதில்: எல்லாச் சாமிக்கும் பிடிக்கும் என்று சொல்ல முடியாது, கண்ணே!

இதற்கு நேர் எதிர்க்கோடியில் இருப்பவர்கள் ஜைனர்கள். திண்டிவனம் பக்கத்திலிருந்து செஞ்சிக்குப் போனால் திருநாதர்குன்று என்ற பாறை வருகிறது. சந்திரநந்தி என்ற ஜைன ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த செய்தி அங்கே வட்டெழுத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட கல்வெட்டு. ஆசையின் கட்டு ஒவ்வொன்றாக அறுந்தால் வினை உதிரும் என்பது அவர்களின் கொள்கை. இன்றைக்கும் சௌகார்பேட்டை ஜைனர் வீடுகளில் வர்ஷிதப் என்று ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓராண்டுக்கு மேல் உபவாசம் இருப்பவர்கள் உண்டு. அட்சய திருதியை அன்று கரும்புச் சாறு அருந்தி முடிப்பார்கள். (நமக்கு அட்சய திருதியை என்றால் நகைக் கடை வாசலில் வரிசை. ஒரே நாள், இரண்டு விதமான ஆசை!) ஆனால் அவ்வளவு கடுமையான மதத்திலும் எல்லோரும் 57 நாள் இருக்க வேண்டும் என்று விதிக்கவில்லை. படிப்படியாக ஏணி போல வைத்திருக்கிறார்கள். சூரியன் உதித்து 48 நிமிஷம் வரை எதையும் சாப்பிடாமல் இருப்பது முதல் படி. ஒருவேளை உணவு ஒரு படி. எண்ணெய், பால், நெய், மசாலா ஒன்றுமில்லாத சப்பென்ற உணவு இன்னொரு படி. அவரவர் சக்திக்கு எது ஏலுமோ அந்தப் படியில் நின்றால் போதும்.

சக்திக்கு ஏற்ற படி என்றேனே, அந்த இடத்தில்தான் தாயின் கேள்விக்கு வரவேண்டும்.

எந்த மதத்தை எடுத்துக்கொண்டாலும் நோன்பு விதித்த கையோடு விலக்கும் எழுதி வைத்திருக்கிறார்கள். முஸ்லிம்களில் நோயாளிக்கும் பிரயாணிக்கும் நோன்பிலிருந்து சலுகை உண்டு. விட்ட நாட்களைப் பிறகு நோற்றுக் கொடுக்கலாம். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் உடம்புக்கோ குழந்தைக்கோ கெடுதல் வரும் என்று அஞ்சினால் விடலாம். மாதவிலக்கு நாட்களில் நோற்பதே கூடாது. தீராத வியாதிக்காரர் ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவளித்தால் போதும். கத்தோலிக்கர்களுக்கு 1966-ல் போப் ஆறாம் பவுல் ஒருசந்தி விதிகளைத் தளர்த்தினார். இப்போது ஒருசந்திக் கடமை சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் ஆகிய இரண்டே நாள். அதுவும் 18 வயது நிறைந்தவர்களுக்கு, 60-ஆவது வயது தொடங்கும் வரையில்தான். அன்றும் ஒரு முழுச் சாப்பாடும் இரண்டு சிறு உணவும் உண்டு. நோயாளிகளுக்கு அதிலிருந்தும் விலக்கு.

நம்மிடம் மட்டும் விலக்கு இல்லையென்றா நினைக்கிறீர்கள்? எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் எண்பதைக் கடந்தவருக்கும் ஏகாதசி உபவாசம் கடமையில்லை என்று சாஸ்திரம் வைத்திருக்கிறது. விரதத்தைக் கெடுக்காத எட்டுப் பொருள்களை மகாபாரதம் ஒரு பட்டியலாகவே தருகிறது. தண்ணீர், கிழங்கு, பழம், பால் ஆகியவை அதில் இருக்கின்றன. அந்தப் பட்டியலில் எட்டாவதாக நிற்பது என்ன தெரியுமா? மருந்து! மாத்திரை போட்டுக்கொண்டால் விரதம் கெட்டுவிடும் என்று சொல்பவர்கள் பாட்டியிடம் கேட்டுச் சொல்கிறார்கள். பாரதத்தைக் கேட்டுச் சொல்லவில்லை. சாத்தாங்காட்டுச் சகோதரி மாமியாரோடு வாதாட வேண்டாம். "பழமும் பாலும் மருந்தும் விரதத்துக்கு விரோதமில்லையாமே, அத்தை" என்று மெல்லச் சொல்லிப் பார்க்கட்டும். சாஸ்திரத்தின் பெயரால் போட்ட பூட்டுக்குச் சாஸ்திரத்திலேயே சாவியும் இருக்கிறது.

இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 2019-21-ல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல்! வெள்ளிக்கிழமை ஒருபொழுது, செவ்வாய்க்கிழமை ஒருபொழுது, சஷ்டி, கிருத்திகை, பிரதோஷம் என்று நாட்காட்டியில் கட்டம் கட்டமாகப் பட்டினி கிடப்பவர்கள் யார்? பெரும்பாலும் பெண்கள். யாருக்காக? கணவருடைய ஆயுளுக்காக, பிள்ளையின் பரீட்சைக்காக, பெண்ணின் கல்யாணத்துக்காக. சமயபுரத்தில் மாரியம்மனே மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாள் பக்தர்களுக்காகப் பச்சைப் பட்டினி விரதம் இருக்கிறாள் என்பது ஐதீகம். அந்த நாட்களில் அவளுக்கு வழக்கமான நைவேத்தியம் இல்லை. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர்தான். தெய்வத்தையும் நம் வீட்டுத் தாயைப் போலவே பட்டினி போட்டுப் பார்த்திருக்கிறோம்! ஆனாலும் கவனியுங்கள்: அம்மனுக்கே நீர்மோரும் பானகமும் உண்டு.

தானாக ஏற்பது விரதம். பிறர் சுமத்தினால் அதற்கு வேறு பெயர். புறநானூற்றில் பூதபாண்டியன் மனைவி பெருங்கோப்பெண்டு கைம்பெண்ணின் சாப்பாட்டை விவரிக்கிறாள். நெய் படாமல், பிழிந்த சோறும் எள்ளுத் துவையலும் வேளைக்கீரையும். அதைவிடத் தீயே மேல் என்று அவள் கணவனின் சிதையில் இறங்கினாள். கைம்மை நோன்பு என்று அதற்கும் 'நோன்பு' என்றே பெயர் வைத்தார்கள். இரண்டாயிரம் ஆண்டு கழித்தும், ஏகாதசியன்று தண்ணீர் கூடத் தொடாமல் கிடந்த இளம் விதவைகள் இந்த நாட்டில் இருந்தார்கள். ஆகையால், "அவளாகவே ஆசைப்பட்டு இருக்கிறாள்" என்று யாராவது சொன்னால், உண்மையில் அவளாகவேதானா என்று ஒரு தடவை கேட்டுவிடுவது நல்லது.

இனி, நோன்பு இருக்க ஆசையுள்ள சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு வைத்தியர்கள் சொல்வதையும் சொல்லிவிடுகிறேன். இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்களும், சில வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் ஆகாரத்தை விட்டால் ரத்தத்தில் சர்க்கரை திடீரென்று இறங்கும். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், படபடப்பு வரும், கண் இருட்டும். அப்போது நேரம் நாழி பார்க்காமல் சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வேண்டும். ரத்தத்தில் சர்க்கரை 70-க்குக் கீழே போனாலும் 300-க்கு மேலே ஏறினாலும் நோன்பை அங்கேயே முடித்துவிட வேண்டும் என்பது கணக்கு. விரலில் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது என்று உலமாக்களும் சொல்லியிருக்கிறார்கள். மாத்திரையை நீங்களாகவே நிறுத்துவதோ, மூன்று வேளை மாத்திரையை ஒரே வேளையில் விழுங்குவதோ கூடவே கூடாது. விரதத்துக்கு ஒரு வாரம் முன்பே டாக்டரைப் பார்த்து அளவை மாற்றி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

விரதத்தை முடிக்கும் விதத்தில் நம் முன்னோர்களுக்கு இருந்த புத்தி ஆச்சரியமானது. துவாதசிப் பாரணைக்கு அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய். நோன்பு திறப்பதற்குப் பேரீச்சம்பழம், பிறகு பள்ளிவாசல் கஞ்சி. பெரிய வெள்ளியன்று பல ஊர்களில் ஆராதனை முடிந்ததும் மாதா கோயில் வாசலிலும் கஞ்சிதான், தொட்டுக்கொள்ளத் துவையல். ஆடியில் வடசென்னை அம்மன் கோயில்களில் ஊற்றுவது கேழ்வரகுக் கூழ். காய்ந்த வயிற்றில் முதலில் இறங்குவது இளகலாகவும் சூடு ஆறியும் இருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. கூழையும் கஞ்சியையும் ஒருவர் தனியாகக் காய்ச்சிக் குடிப்பதும் இல்லை. அண்டாவில் காய்ச்சி, தூக்குச் சட்டியோடு வரிசையில் நிற்கும் எல்லோருக்கும், எந்த மதம் என்று கேட்காமல் ஊற்றுகிறார்கள்.

பள்ளிவாசல் கஞ்சியை வீட்டில் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு: நொய்யரிசி ஒரு ஆழாக்கு, பாசிப்பருப்பு கால் ஆழாக்கு, வெந்தயம் ஒரு சிட்டிகை. எண்ணெயில் பட்டை, கிராம்பு, வெங்காயம், தக்காளி, இஞ்சி பூண்டு, புதினா, கொத்தமல்லி வதக்கி, நிறையத் தண்ணீர் விட்டுக் குழைய வேகவிடுங்கள். இறக்குமுன் கடைசியாகத் தேங்காய்ப்பால். சைவக்காரர்கள் கறி போடாமல் காரட்டும் பட்டாணியும் போடலாம். வாய் வைத்தால் சுடாத பதத்துக்கு ஆறியபின் பரிமாறுங்கள். முதல் கிண்ணம், சமைத்தவருக்கு.